திருகை ஏத்தாதீங்க, ரிலேயை மாத்துங்க

ஒரு சின்னக் கேள்வி. 5 எச்.பி. மூணு பேஸ் மோட்டார் ஒன்று. அதன் ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பீங்க?

"எச்.பி.யை ஒண்ணரையால பெருக்கு, ஏழரை" என்று உடனே சொல்பவர் பாதிப் பேர். ஃபார்முலா எழுதி, பவர் ஃபேக்டர், எஃபிஷியன்சி எல்லாம் போட்டு, கிட்டத்தட்ட அதே ஏழரைக்கு வந்து சேர்பவர் மீதிப் பேர். ரெண்டு பேரும் தப்பில்லை. ஆனா வேலை தெரிந்த ஒயர்மேன் பதிலே சொல்ல மாட்டார், திருப்பிக் கேட்பார்: "நேம்பிளேட்ல என்ன போட்டிருக்கு? டி.ஓ.எல்.லா, ஸ்டார் டெல்டாவா? எதை ஓட்டுது? ஏற்கெனவே காயில் கட்டுன மோட்டாரா?"

இந்த நாலு கேள்வியைக் கேட்காமல் ரிலே வாங்குவதும், கேட்காமல் ரிலேயின் திருகைத் திருப்புவதும்தான் நம்ம ஊரில் மோட்டார் எரிய முக்கியமான காரணம் என்பது என் கருத்து. நாம் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு இதைக் கவனிக்காமல் கடந்து போவது அதைவிடப் பெரிய குறை.

ஏன் பள்ளிபாளையத்தை வைத்துச் சொல்கிறேன்?

காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் பள்ளிபாளையம். தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். தறிக்குடோன், சைசிங், சாயப்பட்டறை, ஊரைத் தாண்டினால் தோட்டத்துப் போர், பெரிய அளவில் பேப்பர் மில், சர்க்கரை ஆலை. மோட்டார் எத்தனை விதமான வேலை செய்யும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பேப்பர் மில்லில் மோட்டார் பாதுகாப்புக்கு என்று தனியாக ஆள் இருப்பார்கள். எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெசவு ஓட்டும் ஆளுக்கு யார் இருக்கிறார்கள்? தெரு முனை எலக்ட்ரீஷியனும், காயில் கட்டும் கடைக்காரரும்தான்.

விசைத்தறிக்கு ரெண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1000 யூனிட்டாக உயர்ந்தது. நல்ல விஷயம். ஆனா அரசு யூனிட்டைத் தரும், எரிந்த காயிலைக் கட்டித் தராது. மோட்டார் போனால் காயில் கட்டும் செலவு ஒரு பக்கம், அது திரும்பி வரும்வரை அந்தத் தறி நிற்கும் நஷ்டம் இன்னொரு பக்கம். மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ரெண்டாவதுதான் அதிகம் வலிக்கும். தறி ஓட்டுபவரின் சம்பளமும் அதோடு சேர்ந்து நிற்கிறது.

எம்.சி.பி. இருக்கே, அது பார்த்துக்காதா?

பார்த்துக்காது. 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுக்கிறது என்று வைங்க. டி.ஓ.எல்.லில் கிளம்பும்போது அதைப்போல 6, 7 மடங்கு இழுக்கும், அதாவது 45-லிருந்து 52 ஆம்பியர் வரை. இந்த உதைப்பில் எம்.சி.பி. விழக்கூடாது என்று 16 ஆம்பியர் சி டைப் போடுவார்கள். அந்த எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. 13 ஆம்பியர் போனால் அதற்கு எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம். மோட்டாருக்கோ அது மரண அடி. ஃபியூஸும் இதே கதைதான்.

ஆக, வேலைப் பங்கீடு இப்படி. ஷார்ட் சர்க்யூட் வந்தால் அறுப்பது ஃபியூஸ் அல்லது எம்.சி.பி. போட்டு எடுப்பது கான்டாக்டர். "இந்த மோட்டார் தாங்கும் சூட்டைவிட அதிகமா சூடாகுது" என்று கண்டுபிடிப்பது ஓவர்லோட் ரிலே மட்டும்தான். மூன்றில் எதுவும் இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

ரிலே எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ளே மூணு பைமெட்டல் பட்டைகள். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை அது. மோட்டாருக்குப் போகும் கரண்ட் அதைச் சூடாக்கும், பட்டை வளையும், வளைந்து ஒரு சறுக்குப் பட்டையைத் தள்ளும், 95-96 கான்டாக்ட் திறக்கும், கான்டாக்டர் காயிலுக்குப் போகும் சப்ளை அறுந்து மோட்டார் நிற்கும். மோட்டாரின் காயில் உள்ளே எப்படிச் சூடாகிறதோ அதைப்போலவே ஸ்டார்ட்டரில் ஒரு சின்னப் பொருள் சூடாகிக் காட்டுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? கரண்ட் 20 சதவீதம் கூடினால் செம்பில் வரும் சூடு 44 சதவீதம் கூடும். 1.2-ஐ 1.2-ஆல் பெருக்கிப் பாருங்க. இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது நாம் பாடத்தில் படித்ததுதான். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், பஞ்சு படிந்து காற்றோட்டம் அடைத்துப்போன தறி மோட்டாருக்கு அந்தப் பத்து டிகிரி எல்லாம் ஒரு தூரமே இல்லை.

எரிந்த காயிலைப் படிக்கலாம்

காயில் கட்டும் கடைக்குப் போனால் பிரித்துப் போட்ட மோட்டார்களை ஒருமுறை உற்றுப் பாருங்க. காசு கொடுக்காமல் கிடைக்கும் லேப் அது. எல்லா காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்றோட்டம் இல்லாத சூடு. ஸ்டார் கனெக்ஷன் மோட்டாரில் ரெண்டு பேஸ் கருகி ஒரு பேஸ் புதுசு மாதிரி இருந்தால், அல்லது டெல்டாவில் ஒரே ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தால், அது சிங்கிள் பேஸிங். மூணு பேஸில் ஒன்று போனபிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இது ஏன் அவ்வளவு மோசம்? அதே லோடை ரெண்டு ஒயரில் இழுக்கணும். அந்த ரெண்டிலும் கரண்ட் 1.73 மடங்காகும். ஏழரை 13 ஆகும். ஃபுல் லோடில் ஓடும் மோட்டார் என்றால் சாதா ரிலேகூட இதைப் பிடித்துவிடும். சிக்கல் பாதி லோடில் ஓடும் மோட்டாரில்தான். 60 சதவீத லோடில் ஓடும் டெல்டா மோட்டாரில் ஒரு பேஸ் போனால் ஒயரில் போவது ஃபுல் லோடு கரண்டில் சுமார் 1.04 மடங்கு. ரிலேயைப் பொறுத்தவரை இது சகஜம், 1.05 மடங்கு வரை அது விழவே கூடாது. ஆனா உள்ளே ஒரு பேஸ் காயிலில் மட்டும் அதன் அளவைப்போல 1.2 மடங்கு ஓடிக்கொண்டிருக்கும். காந்தமாக்கும் கரண்டை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது. இருந்தாலும் செய்தி தெளிவு: வெளியே எல்லாம் ஒழுங்கு, உள்ளே ஒரு காயில் வேகுது.

ஆகவே ரிலே வாங்கும்போது முதல் கேள்வி விலை இல்லை, "பேஸ் ஃபெயிலியர் சென்சிங் இருக்கா?" என்பதுதான். இருக்கிற ரிலேயில் மூணு பட்டையும் சமமாக வளையாவிட்டால் ஒரு நெம்புகோல் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கி சீக்கிரமே விழ வைக்கும். ஐ.இ.சி. 60947-4-1 தரத்தில் இதற்குத் தனிச் சோதனையே உண்டு. இந்த வசதி இல்லாத பழைய ஸ்டார்ட்டர் என்றால் சிங்கிள் பேஸ் ப்ரிவென்டர் ஒன்றைத் தனியாக மாட்டணும். ஒரு பேஸின் ஜம்பர் லூசாவதும், கான்டாக்டரில் ஒரு முனை தீய்ந்து போவதும் அதிசயமா நடக்கிற விஷயமில்லை.

ரேஞ்ச்: கடையில் நடக்கும் தப்பு

7.5 ஆம்பியர் மோட்டாருக்கு 6-லிருந்து 10 வரை போகும் ரிலே வேணும். கடையில் அது இல்லை, 9-ல் தொடங்கும் ரிலேதான் இருக்கிறது. "குறைச்சலா வச்சுக்கலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று கொடுப்பார்கள்.

கணக்குப் போடலாம். திருகைக் கடைசிவரை குறைத்தாலும் 9 ஆம்பியர். ரிலே கட்டாயம் விழவேண்டிய அளவு செட்டிங்கில் 1.2 மடங்கு, அதாவது 10.8 ஆம்பியர். அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதே தரம். 10.8 என்பது மோட்டாரின் ஏழரையைப்போல 1.44 மடங்கு. சூடு? ரெண்டு மடங்குக்கும் மேலே. ஆக ஸ்டார்ட்டரில் ரிலே இருக்கிறது, மோட்டாருக்குப் பாதுகாப்பு இல்லை. இல்லாத ரிலேயைவிட இது ஆபத்து, ஏன்னா இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்போம்.

விதி எளிது. நேம்பிளேட் ஆம்பியர் ரிலே ரேஞ்சின் நடுப்பகுதியில் விழணும். செட்டிங் நேம்பிளேட்டைத் தாண்டக் கூடாது. மோட்டார் எப்போதுமே அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கிறது என்று க்ளாம்ப் மீட்டரில் தெரிந்தால், செட்டிங்கை அந்த ஓட்டக் கரண்டுக்குச் சற்று மேலே வரை இறக்கலாம். அதனால் பாதுகாப்பு கூடும். ரெண்டு மூணு தடவை காயில் கட்டின மோட்டாரில் நேம்பிளேட்டையும் முழுசா நம்ப முடியாது. கம்பியின் கேஜ், சுற்று எண்ணிக்கை எதுவும் மாறியிருக்கலாம். அங்கே காயில் கட்டியவரிடம் கேட்பதும், க்ளாம்ப் மீட்டரும்தான் கதி.

"கிளம்பும்போதே விழுதுங்க" என்றால்?

நான் தலைப்பில் சொன்ன இடம் இதுதான். சாயப்பட்டறையில் ஈரத்துணியைச் சுற்றிப் பிழியும் ஹைட்ரோ இயந்திரத்தை எடுத்துக்கங்க. கனமான கூடை வேகம் பிடிக்க நேரமாகும். அதுவரை மோட்டார் அதிகக் கரண்ட் எடுக்கும். சாதா ரிலே பொறுமை இழந்து விழுந்துவிடும். உடனே என்ன செய்கிறோம்? திருகை ஒரு சுற்று ஏத்துகிறோம். இயந்திரம் ஓடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனா ஓடத் தொடங்கிய பிறகு வரும் ஓவர்லோடை அந்த ரிலே இனி கண்டுகொள்ளாது.

ரிலேயில் ரெண்டு தனித்தனி குணம் இருக்கிறது. எத்தனை ஆம்பியர் என்பது ஒன்று, எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பது இன்னொன்று. நேரத்தைச் சொல்வது ட்ரிப் க்ளாஸ். செட்டிங்கைப்போல 7.2 மடங்கு கரண்ட் போனால் க்ளாஸ் 10 ரிலே 4 முதல் 10 விநாடிக்குள் விழும். க்ளாஸ் 20 என்றால் 6 முதல் 20, க்ளாஸ் 30 என்றால் 9 முதல் 30 விநாடி. ஹைட்ரோ, பெரிய ப்ளோவர் மாதிரி மெதுவாக வேகம் பிடிப்பவைக்கு க்ளாஸ் 20 அல்லது 30 ரிலே போட்டுவிட்டு, ஆம்பியர் செட்டிங்கை நேம்பிளேட்டிலேயே வைக்கணும். நேரம் பத்தலைன்னா ஆம்பியரை ஏத்துவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாத்துகிற கதை. ஒரு நிபந்தனை: அத்தனை விநாடி அந்தக் கரண்டை மோட்டாரும் தாங்கணும். அதை மோட்டார் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் க்ளாஸை ஏத்தணும்.

தறி மோட்டாருக்கு க்ளாஸ் 10 போதும். அங்கே சிக்கல் வேறு. நூல் அறும்போதெல்லாம் மோட்டாரே நின்று திரும்பக் கிளம்பும்படி இணைப்பு இருந்தால், ஒவ்வொரு கிளம்பலும் காயிலைச் சுடும். ரிலேயின் பட்டை சின்னது, சீக்கிரம் ஆறிவிடும். மோட்டார் ஆறாது. ரிலே "நான் ஆறிட்டேன்" என்று விடும்போது உள்ளே சூடு பாக்கி இருக்கும். இந்த மாதிரி அடிக்கடி நின்று ஓடும் பெரிய மோட்டாரில் காயிலுக்குள்ளேயே தெர்மிஸ்டர் வைத்து நேரடியாகச் சூட்டை அளப்பதுதான் முறை.

ஸ்டார் டெல்டாவின் 0.58

பெரிய மோட்டார்களில் ஸ்டார் டெல்டா. ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்க. மெயின் கான்டாக்டருக்குக் கீழே, டெல்டா சுற்றுக்குள் இருந்தால் அதன் வழியாகப் போவது லைன் கரண்டில் 0.58 மடங்குதான். 20 எச்.பி. மோட்டார் 28 ஆம்பியர் என்றால் செட்டிங் 16 சொச்சம். நேம்பிளேட்டில் 28 என்று போட்டிருக்கிறதே என்று அதையே வைத்தால், லைனில் 48 ஆம்பியர் போனாலும் ரிலே அசையாது. வரும் லைனிலேயே ரிலே இருந்தால் 28-தான் சரி. பரீட்சையில் லைன் கரண்ட், பேஸ் கரண்ட் என்று எழுதி மார்க் வாங்குகிறோமே, அந்த ரூட் 3-க்கு நிஜ விலை இதுதான்.

தோட்டத்துப் போர் மோட்டார்

மோட்டார் நிலத்துக்கடியில் தண்ணீரில் குளிர்ச்சியாக இருக்கிறது. ஸ்டார்ட்டர் மேலே தகரப் பெட்டியில் வெயிலில் வேகிறது. சுற்றுச்சூட்டை ஈடுகட்டாத ரிலே இங்கே காரணமே இல்லாமல் விழும். விவசாயி கடுப்பாகி ரிலேயைச் சுற்றிக் கம்பி போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்வதைவிட, ஆம்பியன்ட் காம்பன்சேஷன் உள்ள ரிலேயும், பெட்டிக்கு மேல் கொஞ்சம் நிழலும் ஏற்பாடு செய்வது உருப்படியான வேலை. நீர்மூழ்கி மோட்டார் இறுகி நின்றால் சூடு மிக வேகமாக ஏறும், அதனால் க்ளாஸ் 10-க்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று. போரில் தண்ணீர் வற்றினால் கரண்ட் கூடாது, குறையும். ஓவர்லோட் ரிலேக்கு அது தெரியவே தெரியாது. ட்ரை ரன் பாதுகாப்பு தனி. ரெண்டு பேஸில் ஓட்டக் கண்டென்சர் போட்டு ரிலேயை ஏமாத்தும் பழக்கம் மின்வெட்டுக் காலத்தில் கிராமம் கிராமமாகப் பரவியது. மூணு பேஸ் வந்த பிறகும் அந்த இணைப்பு கழற்றப்படாமல் இருந்தால், முதலில் அதைக் கழற்றணும்.

ரீசெட்: இதில் கை போகும்

ரிலேயில் மேனுவல், ஆட்டோ என்று ஒரு தேர்வு உண்டு. புஷ் பட்டன் ஸ்டார்ட்டரில் ஆட்டோவில் இருந்தாலும் யாராவது பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். ஆனா சாதாரண சுவிட்சாலோ, ஆட்டோ ஸ்டார்ட்டராலோ, ஃப்ளோட் சுவிட்சாலோ ஓடும் மோட்டாரில் ரிலே ஆறினதும் தானாகக் கிளம்பிவிடும். "ஏன் நின்னுச்சு?" என்று பெல்ட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கும் நேரத்தில் அது கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. மனிதக் கை படும் எந்த இயந்திரத்திலும் மேனுவல் ரீசெட்தான். ரிலே விழுந்தால் முதல் வேலை ரீசெட் இல்லை. மெயினை ஆஃப் பண்ணிவிட்டுக் காரணத்தைத் தேடுவது.

எலக்ட்ரானிக் ரிலேவே எல்லாத்துக்கும் மருந்தா?

நம்ம பசங்களுக்கு பைமெட்டல் என்றாலே பழசு. நான் அந்தக் கட்சி இல்லை. எலக்ட்ரானிக் ரிலே சுற்றுச்சூட்டால் மாறாது, ரேஞ்ச் அகலம், பேஸ் சமமின்மையையும் பார்க்கும், பலவற்றில் க்ளாஸையும் தேர்ந்தெடுக்கலாம். பத்து எச்.பி.க்கு மேலே, அல்லது நின்றால் பெரிய நஷ்டம் என்கிற மோட்டாருக்கு நிச்சயம் அதைத்தான் போடச் சொல்வேன். வோல்டேஜ் சமமின்மை 3 சதவீதம் இருந்தாலே மோட்டாரின் வெப்ப ஏற்றம் 18 சதவீதம் அளவுக்குக் கூடும் என்பதால் அந்த வசதிக்கு மதிப்பு உண்டு.

ஆனா வரிசையாக நிற்கும் சின்னத் தறி மோட்டார்களுக்கு, பேஸ் ஃபெயிலியர் சென்சிங் உள்ள, சரியான ரேஞ்சில் வாங்கிய, சரியாக வைத்த பைமெட்டல் ரிலே தாராளம். நாடா போய்வரும் ஒவ்வொரு அடிக்கும் தறியின் கரண்ட் ஏறி இறங்கும். பைமெட்டல் அதைச் சராசரியாக்கிப் பொறுமையாகப் பார்க்கும். எட்டுத் தறி வைத்திருப்பவரிடம் விலை உயர்ந்ததை விற்பது இன்ஜினியரிங் இல்லை. முக்கியமானது ஒன்றே: ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ரிலே. நாலு தறிக்கு ஒரு ரிலே என்றால் ஒன்று எரியும்போது மற்ற மூன்றின் கூட்டத்தில் அது ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக, நம்ம ப்ராஜெக்ட் பத்தி

வருஷா வருஷம் ஃபைனல் இயர் ரிவ்யூவில் "ஐ.ஓ.டி. முறையில் மோட்டார் பாதுகாப்பு" வருகிறது. ஒரு போர்டு, ஒரு சென்சார், மொபைலில் ஒரு எண். ரிவ்யூ முடிந்ததும் அலமாரிக்குள். தப்பில்லை, கத்துக்கறதுக்கு நல்லதுதான். ஆனா அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யலாம்.

ஒரு தறிக்குடோனில் அனுமதி கேளுங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கங்க, பேனலை நீங்களாகத் திறக்காதீங்க. ஒரு நோட்டில் ஆறு பத்தி: நேம்பிளேட் ஆம்பியர், மூணு பேஸிலும் ஓடும் கரண்ட், ரிலே ரேஞ்ச், இப்போதைய செட்டிங், பேஸ் ஃபெயிலியர் உண்டா இல்லையா, எத்தனை தடவை காயில் கட்டியது. இருபது மோட்டார் எழுதினால் போதும். தறிக்காரருக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்க: எந்த ரிலேயை மாத்தணும், எந்தத் திருகை எந்த எண்ணில் வைக்கணும். ஏன் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க. "நின்னா கூலி போகுமே தம்பி" என்று அவர் சொன்னால், அந்த வாதத்தை மதிங்க. ரிலே விழுந்து பத்து நிமிஷம் நிற்பதையும் காயில் போய் நாள் கணக்கில் நிற்பதையும் அவர் கணக்கிலேயே போட்டுக் காட்டுங்க.

மூணு முனை ஸ்டார்ட்டரை ரெக்கார்டில் அழகாக வரைந்திருக்கிறோம். ஓவர்லோட் ரிலேயில் அந்தச் சின்னத் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கக் குனிந்ததில்லை. லேப் ஸ்டார்ட்டரில் ஒன்று இருக்கும். நாளைக்குப் போய்ப் பாருங்க. பக்கத்திலேயே மோட்டாரின் நேம்பிளேட்டும் இருக்கும். ரெண்டு எண்ணும் பொருந்துதா?